விட்டுவந்த வேலைகள் பஸ்ஸில் வந்து இறங்கிய கதை

மஞ்சணத்திப்பட்டிக்குக் காலையில் வரும் பஸ்ஸிலிருந்து, ஏற்கெனவே அந்த ஊரில் இருந்த மூன்று பேர் இன்னொரு தடவை வந்து இறங்கினார்கள். டீக்கடை முன்னால் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மீதி டீயைக் குடித்தார்கள்.

அந்த மூவரும் அதே நேரத்தில் ஊருக்கு மேலே, ஏலத்தோட்டத்துப் பழைய பங்களாவில், பேய்ப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். படத்தின் டைரக்டர் மங்கையர்க்கரசி, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி, சினிமாவுக்கு வருவதற்கு முன்னால் அரசாங்க மாட்டாஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவள். தோள் வரை கையை விட்டு வயிற்றுக்குள்ளேயே கன்றைத் திருப்பிப்போட்டவள் என்பதால், கதாநாயகனைத் திருப்பிப்போடுவது அவளுக்குப் பெரிய காரியமாக இல்லை. கேமராமேன் தாவீது திண்டுக்கல்லில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவன். எவ்வளவு அழகான முகத்தைப் பார்த்தாலும் உள்ளே இருக்கிற தாடை எலும்புதான் அவனுக்கு முதலில் தெரியும், பேய்ப்படத்துக்கு இப்படி ஒரு கண் கிடைப்பது அபூர்வம் என்று தயாரிப்பாளரே மெச்சியிருந்தார். ஒலிப்பதிவு செய்த ரபீக் தேனியில் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர்களின் பயத்தைக் கேட்டுக் கேட்டே அவன் காது தீட்டப்பட்டிருந்தது, ஒரு ஆள் எந்த இடத்தில் மூச்சை நிறுத்துவார் என்பது அந்த ஆளுக்குத் தெரிவதற்கு முன்னால் ரபீக்குக்குத் தெரியும்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய மங்கையர்க்கரசி முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, லோஷன் வாசம் அடிக்கிற தோல்பையை மாட்டியிருந்தாள். இறங்கிய தாவீது கனமான ஈய அங்கியைச் சலவைக்குப் போகிற துணி மாதிரி கையில் மடித்துப் போட்டிருந்தான். இறங்கிய ரபீக் சிவப்பில் ‘எல்’ எழுதிய தகரப் பலகையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

ஊராட்சித் தலைவர் போஸ் முந்தின நாள்தான் பங்களாவில் டைரக்டரோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். சினிமாக்காரர்கள் வேஷம் போடுவது சகஜம் என்று நினைத்து அவர் வணக்கம் வைக்க, பூட்ஸ் போட்ட அரசி, தான் மாட்டு டாக்டர் என்றும், ஊர் மாட்டாஸ்பத்திரி பூட்டிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், சாவி வேண்டும் என்றும் சொன்னாள். போஸ் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையேறினார். அங்கே டைரக்டர் அரசி குடையின் கீழ் உட்கார்ந்து, செத்துப்போன கதாநாயகியிடம் இன்னும் கொஞ்சம் செத்தமாதிரி நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். போஸ் இறங்கி வந்து இன்னொரு டீ குடித்தார். பிறகு ஆஸ்பத்திரியைத் திறந்து, தான் அங்கே அடுக்கி வைத்திருந்த தேங்காய்களை ஆள்விட்டு அள்ளிக்கொண்டு போனார். ஊரில் மாட்டு டாக்டர் இல்லாமல் வருஷக்கணக்காகிவிட்டது. வந்த டாக்டரை எங்கிருந்து வந்தாய் என்று கேட்பது நல்லதல்ல என்று அவருக்குப் பட்டது.

காரணம் கேட்டவர்களுக்கு வெள்ளத்தாயி பதில் சொன்னாள். புருஷன் போன பிறகு ஒரே ஒரு பசுவை வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள் அவள். “கன்னுக்குட்டியக் கட்டிப்போட்டுட்டுத் தாயி கெளம்புனா, அது கயித்த அத்துக்கிட்டுப் பின்னாலயே வராதா? இவுக விட்டுட்டு வந்த பொழப்பு அப்பிடித்தான் வந்திருக்கு” என்றாள். அதற்குமேல் யாரும் ஆராயவில்லை. பங்களாவில் இருப்பவர்கள் மேலவர்கள் என்றும், ஊருக்குள் இருப்பவர்கள் கீழவர்கள் என்றும் ஆனது. மேலரசி, கீழரசி என்று கூப்பிட்டால் குழப்பம் தீர்ந்தது.

குழப்பம் தீர்ந்ததும் ஊர் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. கீழரசிக்கு வீட்டுக்கு ஒரு வேளை என்று முறைவைத்துச் சோறு போட்டார்கள். காளைக்குக் காயடிக்க, கோழிக்குச் சொட்டுமருந்து ஊற்ற, சினை பிடிக்காத எருமையின் மனசை மாற்ற என்று ஆஸ்பத்திரி வாசல் காலையிலேயே சந்தை மாதிரி ஆனது. கால்நடைத் துறையிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி, இந்த அம்மா ராஜினாமா செய்து வருஷமாகிறதே என்றார். ராஜினாமா செய்த அம்மா மேலே இருப்பதாகவும், இது ராஜினாமா செய்யாத அம்மா என்றும் போஸ் மரியாதையாக விளக்கினார். அதிகாரியின் ஜீப்பில் காதில் சீழ் வைத்த நாய் ஒன்று இருந்தது. கீழரசி அதைப் பிடித்து மேசைமேல் போட்டுத் துடைத்து மருந்து விட்டாள். நாய் தலையை ஆட்டாமல் நின்றது. அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

யாரோ தானமாகக் கொடுத்து உறை பிரிக்காமலேயே கிடந்த எக்ஸ்ரே மிஷினைக் கீழ்த்தாவீது ஓடவைத்தான். மூச்சை இழுங்கள், பிடியுங்கள், விடுங்கள் என்று அவன் சொல்லிச் சொல்லி, அந்த ஊரில் கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிறவர்கள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் பிதுங்க நின்றார்கள். தன் நெஞ்சுக்கூட்டின் படத்தைச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டாதவர்களை வசதியில்லாதவர்கள் என்று நினைக்கும் நிலை வந்தது. கீழ்ரபீக், இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பழைய கார் ஒன்றைத் தயார்செய்து பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பயப்படாதீங்க அக்கா, பிரேக் எங்கிட்டயும் இருக்கு என்று அவன் சொல்கிற குரலுக்காகவே பெயர் கொடுத்தவர்கள் உண்டு. அந்தச் சொல்லைப் புருஷன்மார்களிடமிருந்து ஒருநாளும் கேட்டதில்லை என்று அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள்.

சிக்கல் மேலே இருந்தவர்களுக்குத்தான். படத்தில் முக்கியமான காட்சி ஒன்று: பல வருஷம் முன்னால் செத்துப்போன எஸ்டேட்காரி பட்டப்பகலில் கடைத்தெரு வழியாக நடந்து வருவாள், ஊர் ஜனம் அலறி ஓடவேண்டும். ஊர் ஜனமாக நடிக்க ஊர் ஜனத்தையே பிடித்திருந்தார்கள். ஆக்‌ஷன் சொன்னதும் செத்தவள் வந்தாள். ஜனங்கள், வாங்க என்றார்கள். ஒருவர் எழுந்து நாற்காலி போட்டார். திரும்ப எடுத்தபோது ஓடினார்கள்தான், ஆனால் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு ஓடினார்கள். எடுத்ததைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் போன் செய்து, பேயைப் பார்த்து ஒருத்தன்கூட பயப்படாத பேய்ப்படத்துக்கு மேற்கொண்டு தான் எதற்குப் பணம் போடவேண்டும் என்று கேட்டார். கதாநாயகியும் அடுத்த படத்துக்குக் கிளம்ப நாள் நெருங்கியிருந்தது. மேலரசிக்கு இது முதல் படம். வேலையை விட்டு, கூடப் பேசிக்கொண்டிருந்தவர்களையும் விட்டு வந்து, சென்னையில் வீடு வீடாகக் கதை சொல்லி அலைந்து கிடைத்த படம்.

பேச்சை விட்டவர்களில் முதல் ஆள் அவளுடைய அப்பா காசிமாயன். மாட்டுத் தரகர். ஆயுசு முழுக்க அடுத்தவன் மாட்டின் வாலைத் தூக்கிப் பார்த்தவருக்கு, மகள் மாட்டு டாக்டரானது குலதெய்வமே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவள் அந்த வேலையை விட்ட நாளில் அவர் வாயை மூடினார், அதன் பிறகு அவளிடம் திறக்கவே இல்லை. இப்போது சந்தையில் யாரோ, உங்க மக மஞ்சணத்திப்பட்டியில் மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று சொல்ல, மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டு நேரே பஸ் ஏறிவிட்டார்.

ஊர் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே, மேலே ஒரு மகளும் கீழே ஒரு மகளும் இருப்பதாகவும், எது வேண்டுமோ அங்கே போகலாம் என்றும் சொன்னார்கள். “எனக்கு ஒரே மகதான். மாட்டாஸ்பத்திரி எந்தப் பக்கம்?” என்றார் காசிமாயன்.

அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிற மாட்டின் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, எந்த மாடு முதலில் உள்ளே போகவேண்டும் என்று அவரே முடிவுசெய்தார். வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் கீழரசியிடம் பேசித் தீர்த்தார். படப்பிடிப்பு ஜீப் ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது, மேலரசி கண்ணாடி வழியாக அப்பா சிரிப்பதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. தன்னைப் போலவே இருக்கிற ஒருத்தியிடம் அவர் சிரிப்பது பாதி தன்னிடம் சிரித்த மாதிரி என்று ஒருநாள் தோன்றும். மறுநாள் அப்படித் தோன்றாது.

ஒரு மத்தியானம் அவள் ஜீப்பை நிறுத்தி இறங்கி, ஆஸ்பத்திரியின் பின்பக்கமாகப் போனாள். கீழரசி குழாயடியில் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிக்கொள்வதா என்று தெரியவில்லை. அப்பா என்ன பேசுகிறார் என்று மேலரசி கேட்டாள். மாடுகளைப் பற்றித்தான் என்றாள் கீழரசி. தன்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று இவள் கேட்க, அவள் யோசித்து, இல்லை என்றாள்.

“ஆனா ஒண்ணு. நான் சாப்பிடுறப்ப என் கையவே பாக்குறாரு. என்னமோ ஒண்ணு கொறையிதுன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னன்னுதான் தெரியல.”

என்னவென்று மேலரசிக்குத் தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில், ஒரு மாடு பிழைக்காது என்று ஆகிவிட்டால் அவள் ஊசியை எடுத்து வைத்துவிட்டு மாட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்து, அந்த மாட்டைப் பற்றி வாய்க்கு வந்த கதையைச் சொல்ல ஆரம்பிப்பாள். ஆறுதலுக்காகச் சொன்னதுதான். கதை நாளுக்கு நாள் நீண்டது. மாடு சாகாத வீட்டுக்காரர்களும் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். நோவு இல்லாத மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, இதற்கு ஏதாவது சொல்லுங்கம்மா என்று நின்றார்கள். ஒருநாள் அவளுக்கே விளங்கியது, தான் பார்ப்பது எந்த வேலை என்று. அதை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு, மற்றதை அங்கேயே விட்டுக் கிளம்பினாள். விட்டது கீழே பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்திலேயே வெள்ளத்தாயியின் பசு சீதேவி, வேலி தாண்டிப் போய்ப் பிஞ்சுச் சோளத்தட்டையைத் தின்றுவிட்டது. பிஞ்சுச் சோளம் மாட்டுக்கு விஷம். ஆள் ஓடி வந்து சொல்லி, கீழரசி பையோடு ஓடி, செய்யவேண்டிய அத்தனையும் செய்தாள். யார் செய்திருந்தாலும் அதற்குமேல் செய்திருக்க முடியாது. பசு கால்களை நீட்டிவிட்டது. கீழரசி எழுந்து, முடியல பாட்டி என்று சொல்லி, கையைக் கழுவி, பையை மூடினாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் தொழுவத்து ஓரமாக நின்றாள்.

வெள்ளத்தாயி அழவில்லை. பசுவின் கழுத்தில் கை வைத்தபடி உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். குழி வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாள். காசிமாயன் வந்து, ஆயிரம் மாடு பார்த்தவன் சொல்கிறேன், எல்லாம் ஒருநாள் போகிறதுதான் என்று சொல்லிப் பார்த்தார். போஸ் நஷ்டஈடு மனு பற்றிச் சொல்லிப் பார்த்தார். கீழ்த்தாவீதும் கீழ்ரபீக்கும் வந்து, தங்களிடம் இருந்த நல்ல குரலில் ஒவ்வொரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்கள். மறுநாளும் விடிந்து வெயில் ஏறியது. ஈ மொய்க்கத் தொடங்கியது. அவள் முந்தானையால் ஈயை விரட்டிக்கொண்டே இருந்தாள்.

கதாநாயகி ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின நாள் அது. பங்களாவில் எல்லோரும் மேக்கப்போடு காத்திருக்க, மேலரசி யாரிடமும் சொல்லாமல் மலையிறங்கி வந்து, கூட்டத்தை விலக்கித் தொழுவத்துக்குள் போய், சாணித்தரையில் வெள்ளத்தாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சநேரம் அவளும் ஈ விரட்டினாள். பிறகு, பசுவைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தாள். நேற்றுச் சீதேவி எழுந்து உடம்பை உதறியது. தும்புக் கயிற்றை இழுத்துப் பார்த்தது, கயிறு தடுக்கவில்லை. தொழுவத்து வாசலில் நின்று உன்னைத் திரும்பிப் பார்த்தது. நீ வைக்கோல் எடுக்கப் போயிருப்பாய் என்று நினைத்து, கிழக்குத் தெரு வழியாக நடந்தது.

வெள்ளத்தாயி வாயைத் திறந்தாள். “கெழக்குத் தெருவுல போகாது. அங்க தலைவர் வீட்டு நாய் கெடக்கு.”

“அப்ப எந்த வழியாப் போகும்?”

“வாய்க்கா வழியாத்தான். தண்ணியப் பாத்தா நின்டுரும். குடிக்காது, சும்மா பாக்கும்.”

சரி, வாய்க்கால் வழியாகவே போனது என்றாள் அரசி. நின்று தண்ணீரைப் பார்த்தது. அப்புறம் புளியந்தோப்பு. தோப்பில் உதிர்ந்த பழத்தைத் தின்னாமல் வராது என்று வெள்ளத்தாயி சொல்ல, தின்றது. தோப்பைத் தாண்டி மலைப்பாதை. அதில் சீதேவி ஏறியதே இல்லை, பிடித்துக்கொண்டு போனால்தான் ஏறும் என்று வெள்ளத்தாயி சொன்னாள். அப்படியானால் நீதான் கூடப் போகவேண்டும் என்றாள் அரசி. கிழவி கண்ணை மூடிக்கொண்டு, பசுவின் கழுத்தைத் தடவியபடி, பாறை பாறையாகச் சொல்லிக்கொண்டே ஏறினாள். சுற்றி நின்றவர்கள் அவள் குரலோடு ஏறினார்கள். கணவாய்க்கு வந்ததும் அரசி பேச்சை நிறுத்திவிட்டாள். வெள்ளத்தாயி கையை எடுத்தாள்.

“அங்கிட்டு நான் போகக்கூடாது. அது போயிருச்சு” என்றாள். அதன் பிறகுதான் அழுதாள். அழுது முடித்து, குழி வெட்டுகிறவர்களை வரச் சொன்னாள்.

மறுநாள் காலை, கதாநாயகியின் பஸ் வருவதற்கு முன்னால் கடைத்தெருவில் கடைசி முறையாக அந்தக் காட்சியை எடுத்தார்கள். கும்பலோடு வெள்ளத்தாயியும் வந்து கடை முன்னால் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். ஓடச் சொல்லி எல்லோருக்கும் சொல்லியிருந்தது. செத்தவள் தெருமுனையில் திரும்பி நடந்து வந்தாள். வெள்ளத்தாயி ஓடவில்லை. வருகிறவளைக் கண் எடுக்காமல் பார்த்து, மெதுவாக நகர்ந்து, சாக்கில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். அதைப் பார்த்த மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக நகர்ந்தார்கள். பெஞ்சில், படியில், வண்டிச்சட்டத்தில், தெரு முழுக்க ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு ஆள் இடம் காலியானது. காதில் ஹெட்போன் மாட்டியிருந்த ரபீக், இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினான். தாவீது மூச்சைப் பிடித்தவன் விடவில்லை. அரசி கட் சொல்ல மறந்துபோனாள்.

படம் வந்தபோது தமிழ்நாடு முழுக்க அந்தக் காட்சியில்தான் ஜனங்கள் நடுங்கினார்கள். பக்கத்து சீட் காலியாக இருந்தவர்கள் அவசரமாகப் பையை எடுத்து அதில் வைத்தார்கள்.

அது பின்னால் நடந்தது. அன்று படப்பிடிப்பு முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, காசிமாயன் கூட்டத்தை விட்டு வெளியே வந்து மேலரசிக்கு எதிரே நின்றார். துண்டை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

“கணவாய் ஏறுச்சே, அந்த மாடு. அதுக்கு எத்தன பல்லு?”

வருஷங்களுக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு. “ஆறு பல்லுப்பா” என்றாள்.

“சீதேவி கடை சேந்த மாடு. நானே பாத்தேன், எட்டுப் பல்லு.”

“கதையில கொஞ்சம் எளசாயிருச்சுப்பா.”

காசிமாயன் அதை மென்று பார்த்தார். “அதுவுஞ் சரிதான். விக்கிறப்ப நாங்களும் அப்பிடித்தான சொல்லுவோம்” என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார். பிறகு அப்பாவும் இரண்டு மகள்களுமாக டீக்கடையில் உட்கார்ந்து பரோட்டா தின்றதை ஊர் பார்த்தது. எந்த மகள் தட்டில் முதலில் குழம்பு ஊற்றுவது என்று அவர் தடுமாறியதையும் பார்த்தது.

படக்குழு கிளம்பும் நாளில் கீழரசி பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தாள். அன்றைக்குத் தொழுவத்தில் செய்ததைத் தனக்கும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள். கற்றுக்கொடுத்து வருவதில்லை என்றாள் மேலரசி. “உசுரு போனதும் பைய மூடிட்டு எந்திரிச்சிராத. உக்காரு. அவ்வளவுதான் நானும் செஞ்சேன்.”

படம் ஓடியது. பேட்டி எடுத்தவர்கள் எல்லோரும் படக்குழுவின் முந்தைய தொழில்களைப் பற்றித்தான் ஆசையாகக் கேட்டார்கள். மாட்டு டாக்டராக இருந்தீர்களாமே, இப்போது அந்த வேலையை நினைப்பதுண்டா என்று ஒருவர் கேட்டதற்கு, இப்பவும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், போன வாரம்கூட ஒரு எருமைக்குப் பிரசவம் என்று அரசி சொன்னாள். அதை நகைச்சுவை என்று போட்டார்கள்.

மஞ்சணத்திப்பட்டியில் கீழரசி, அடுத்து ஒரு வெள்ளாடு செத்தபோது, பையை மூடாமல் உட்கார்ந்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் ஆட்டின் ரத்த அளவைப் பற்றிக் கொஞ்சநேரம் சொன்னாள். ஆட்டுக்காரர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார். அதற்கடுத்த கன்றுக்கு, அது குடிக்காமல் விட்ட பாலைப் பற்றிச் சொன்னாள். அது கொஞ்சம் பரவாயில்லை. அதற்கடுத்து ஒரு கிழட்டுக் காளை போனபோது, சொல்லச் சொல்ல உழவுக்காரர் தேம்பினார், தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தினார்கள், ஆடு மாடு ஒன்றும் இல்லாத வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

இந்தச் சேதி எட்டியதும் போஸுக்குச் சோறு இறங்கவில்லை. மந்தைவெளியில் ஊரைக் கூட்டினார். இதே மாதிரிதான் மேலே இருந்த அம்மாவுக்கும் ஆரம்பித்ததாம், நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொல்லிச் சொல்லியே அந்த ஊர்க்காரன் டாக்டரை சினிமாவுக்கு அனுப்பினான், நாமும் அதைச் செய்யப்போகிறோமா என்று கேட்டார். செய்யமாட்டோம் என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. கதையைக் கேட்கலாம், கேட்காமல் இருக்க முடியாது, ஆனால் கேட்டபிறகு யாரும் பாராட்டக்கூடாது என்று முடிவாயிற்று. காசிமாயனும் அதற்குக் கைதூக்கினார்.

ஐப்பசி மழையில் வெள்ளத்தாயியின் புதுப்பசு ஈன்ற கன்று, பிறந்த அன்றே போய்விட்டது. கீழரசி ஈரத்தரையில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருநாள்கூட வெளியே போகாத அந்தக் கன்று பார்த்திருக்கக்கூடிய தெருக்களையெல்லாம் ஒவ்வொன்றாக நடத்திக் காட்டினாள். மழை நின்றதுகூட யாருக்கும் தெரியவில்லை. முடிந்ததும் வெள்ளத்தாயி முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள், சுற்றி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஊரை ஒருமுறை பார்த்தாள்.

“சுமாராத்தான் இருக்கு, தாயி” என்றாள்.